கிச்சுகிச்சு வீடியோ பற்றி ஒரு திருத்தம்

மேலே பகிர்ந்த வீடியோவில், "கிச்சுகிச்சு மூட்டினால் தேவாங்கு கையைத் தூக்கி ரசிக்கிறது" என்று போட்டிருக்கிறீர்கள். அது ரசிப்பு இல்லைங்க, பயம். அந்த விலங்கின் முழங்கை உட்புறத்தில் ஒரு சுரப்பி உண்டு. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது அது வாய்க்கு அருகே வரும். அதன் கசிவை நக்கி எச்சிலோடு கலந்தால் கடி நஞ்சாகும். கடிபட்டவருக்கு வலி, வீக்கம், சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமைகூட வரலாம். இதற்காகவே வியாபாரிகள் மயக்க மருந்து இல்லாமல், பெரும்பாலும் நகவெட்டியால் முன்பற்களை நறுக்கிவிடுகிறார்கள். சீழ் பிடித்துப் பல சாகும். பிழைத்ததைக் காட்டில் விடவும் முடியாது, மரப்பட்டையைச் சுரண்டிப் பிசின் தின்ன அந்தப் பற்கள்தான் வேண்டும். இரவில் நடமாடும் விலங்கின் கண்களுக்கு வீடியோ எடுக்கும் விளக்கு வெளிச்சமே தண்டனை.

இன்னொன்று, இது நம் ஊர்த் தேவாங்கே இல்லை. உருண்டு திரண்ட இது தென்கிழக்காசியப் பக்கத்து வகை. நம்முடையது குச்சிக் கைகால்காரன். அதற்காகத்தான் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022-ல் கடவூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இரண்டில் எதை வீட்டில் வளர்த்தாலும் குற்றம். "எங்கே கிடைக்கும்?" என்று கீழே கேட்டவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.