மனநல மருத்துவரைப் பார்த்தால் கம்பெனிக்குத் தகவல் போகுமா?

“மனநல மருத்துவரிடம் போனால் மருத்துவமனை உங்கள் கம்பெனிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், இன்சூரன்ஸும் கிடைக்காது” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆவது பிரிவு சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அந்தப் பட்டியலில் முதலாளி இல்லை. பெரும்பாலும் விஷயம் கசிவது நம் கையாலேயே. லீவுக்காக நோயின் பெயர் எழுதிய சீட்டை அப்படியே எச்ஆர் மேசையில் வைத்துவிடுகிறோம். ‘ஓய்வு தேவை’ என்று மட்டும் எழுதித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, இன்சூரன்ஸ்? உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 21(4) பிரிவு. ஆனால் மருத்துவமனையில் சேராமல் பார்க்கும் ஆலோசனைக்குப் பல பாலிசிகளில் பணம் வராது. காய்ச்சலுக்கும் அதே கதைதான்!

யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.