வேலைக்குப் போகிறாயா? ஆம் / இல்லை

2018இல் ஒரு சர்வே வேலைக்காக வடசென்னைக் காசிமேட்டில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். வளரிளம் பருவப் பிள்ளைகளின் பிரச்சினைகள் பற்றிய ஆய்வு. கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம் என்று கணக்கு. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பத்தாவது படிக்கிற ஒரு பெண்ணிடம், "வேலைக்குப் போகிறாயா?" என்று திரையில் இருந்ததை அப்படியே படித்தேன். "இல்லக்கா" என்றாள். "இல்லை" என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

இதைச் சொல்லும்போது அவள் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. காலுக்கு நடுவே ஒரு அலுமினிய அன்னக்கூடை, பக்கத்தில் ஐஸ் தண்ணீரில் எறா. தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடுகிற கறுப்பு நரம்பை நகத்தால் இழுத்து, கூடையில் போடுகிறாள். அடுத்தது. விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போய், கட்டை விரல் ஓரம் பிளந்திருந்தது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப்பையை ஆணியில் மாட்டியதும் உட்கார்ந்தால், எழுந்திருக்க ராத்திரி ஒன்பது ஆகும்.

அவள் பொய் சொல்லவில்லை. அவள் எங்கேயும் வேலைக்குப் போகவில்லை. வேலைதான் அவள் வீடு தேடி வந்திருந்தது. என் டேப்பில் அவள் உழைக்காத பிள்ளை. "போகிறாயா" என்ற ஒரே சொல்லில் அந்தப் பெண்ணின் நான்கு மணி நேரம் காணாமல் போனது. அன்றைக்கு அது என் மண்டையில் உறைக்கவே இல்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு வலிக்கிறது.

அடுத்த வருடமே, 2019இல், தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம், நேற்றுக் காலை நான்கு மணியிலிருந்து இன்று காலை நான்கு மணி வரை என்ன செய்தாய் என்று அரை மணி அரை மணியாகக் கேட்டு எழுதினார்கள். அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் விரல்தான் கண்முன் வந்தது. "நாலரைக்கு என்ன பண்ணின? அஞ்சு மணிக்கு?" என்று கேட்டிருந்தால் எறா தானாக வெளியே வந்திருக்கும்.

இன்னொன்று. நான் கேள்வி கேட்டபோது அவள் அம்மா பக்கத்திலேயே இருந்தார். அப்பா நைட் டூட்டி முடித்துக் கட்டிலில் படுத்திருந்தார். ஒரே அறை. அடுப்பு, கட்டில், டிவி, சாமி படம் எல்லாம் அதற்குள்தான். "வீட்டில் உன்னை யாராவது அடிப்பார்களா?" என்ற கேள்வியை நான் அந்த அறையில் வைத்துத்தான் கேட்டேன். அவள் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு "இல்லக்கா" என்றாள். அதற்கும் ஒரு கட்டம் இருந்தது, அதையும் தொட்டேன்.

தேசியக் குடும்பநல ஆய்வில் குடும்ப வன்முறை பற்றிய பகுதியை, அந்தப் பெண் தனியாக இருந்தால் மட்டுமே கேட்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். தனிமை கிடைக்கவில்லையா, அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும். அவ்வளவு பெரிய ஆய்வில் இருக்கிற இந்த விதி, எங்கள் தெருவுக்கு வருகிற சின்னச் சின்ன ஆய்வுகளில் ஏன் இருப்பதில்லை? ஆனால் அந்த ஆய்விலும் பெண்களிடம் நேரடியாகப் பேசுவது 15 வயதிலிருந்துதான். கட்டாயக் கல்விச் சட்டமும் 6 முதல் 14 வயது வரைதான். பதின்மூன்று, பதினான்கில் நிற்கிற பிள்ளை பள்ளியை விட்டு நழுவத் தொடங்குகிற நேரத்தில் அவளிடம் உட்கார்ந்து பேச ஆள் இல்லை. நான் மொட்டை மாடியில் நடத்துகிற டியூஷனில் இத்தனை வருடத்தில் பாதியில் நின்றவர்களில் பெரும்பாலோர் இந்த வயதுதான்.

எங்கே எதைத் தேடி வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். பரீட்சை பயம், மன அழுத்தம், செல்போன் பழக்கம் பற்றி ஆராய வேண்டுமானால் தென்சென்னைக்குப் போகிறார்கள். போதை, அடிதடி, குற்றம் என்றால் வியாசர்பாடிக்கும் புளியந்தோப்புக்கும் வந்து இறங்குகிறார்கள். நான் பார்த்தவரைக்கும் இப்படித்தான். எங்கள் பிள்ளைக்குப் பரீட்சை பயம் இருக்காதா? அந்தப் பக்கத்துப் பிள்ளை கையில் போதை இருக்காதா? இங்கே தேடினால் இது கிடைக்கும் என்று முடிவுசெய்துவிட்டு வந்தால் அதுதான் கிடைக்கும். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, இந்தப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள். அப்போது அவருக்கு 17 வயது. அவரைப் போன்ற பிள்ளைகளை உருவாக்குகிற கேரம் கிளப்பையோ, பூட்பால் கிரவுண்டையோ பற்றி ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, எந்த ஃபார்மிலும் நான் பார்த்ததில்லை.

போன மாதம் என் டியூஷன் பிள்ளைகளிடம் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். உங்க வயசுப் பிள்ளைங்களைப் பற்றி ஆராய்ச்சி பண்ண நீங்களே கேள்வி எழுதுங்க என்றேன். ஒன்பதாவதும் பத்தாவதும், மொத்தம் பதினாறு பேர். அவர்கள் எழுதியதில் சிலவற்றை அப்படியே தருகிறேன்.

"தண்ணி லாரி ஸ்கூல் டைம்ல வந்தா உங்க வீட்ல யாரு லீவு போடுவாங்க?"

"ராத்திரி எங்க உக்காந்து படிப்ப? அங்க லைட் இருக்கா?"

"உன்ன போலீஸ் எத்தினி வாட்டி நிறுத்தி போட்டோ எடுத்துக்கினாங்க?"

"வேலைக்கு அட்ரஸ் எழுத சொன்னா உங்க ஏரியா பேரு எழுதுவியா, வேற எழுதுவியா?"

கடைசிக் கேள்வியை எழுதிய பையனுக்குப் பதினைந்து வயது. அவன் அண்ணன் பெரம்பூர் என்று எழுதித்தான் வேலை வாங்கினானாம். நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். முதுகலை படித்து, நான்கு ஆய்வுகளில் வேலை பார்த்த எனக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை.

போட்டோ கேள்வியை எழுதியவனோடு இன்னும் நான்கு பையன்கள் தலையாட்டினார்கள். அப்புறம்தான் புரிந்தது, டேப்பும் அடையாள அட்டையுமாக யார் வந்தாலும் பையன்கள் ஏன் எழுந்து நடையைக் கட்டுகிறார்கள் என்று. அவர்கள் கண்ணுக்கு நாங்களும் பெயரும் விலாசமும் எழுதிக்கொண்டு போகிற இன்னொரு கூட்டம்தான்.

எண்ணூர் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி எழுதியதையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது, அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி அமோனியா கசிந்து சனம் தெருவுக்கு ஓடியது. எத்தனையோ மைக் வந்தது. "அந்த வருஷம் பப்ளிக் எக்ஸாம் எழுதினவங்க எப்படி படிச்சாங்கன்னு யாராவது கேட்டாங்களா?" என்று எழுதியிருந்தாள். அவள் அக்கா அந்த வருடம் பத்தாவது.

சரி, முறையாகக் கேட்பதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டுதல்களில், பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று இருக்கிறது. நான் வேலை பார்த்த அந்த ஆய்வில் அம்மாவிடம் மட்டும்தான் வாங்கினோம். அவரும் படிக்கவில்லை. "எங்க போடணும்மா கையெழுத்து?" என்று கேட்டார், விரலால் இடத்தைக் காட்டினேன். அந்தப் பெண்ணிடம் "உனக்குச் சம்மதமா?" என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"நீ சொல்றது யாருக்கும் தெரியாது" என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் பலர் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். அது தப்பு. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. ஆராய்ச்சியாளருக்கு அதில் விலக்கு இல்லை. அப்படியென்றால் "இந்த மாதிரி விஷயம் சொன்னால் நான் மற்றவர்களிடம் சொல்ல வேண்டிவரும்" என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதானே நியாயம்? 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எழுதிக் கையில் கொடுப்பதோடு முடிகிற காரியமா அது? அந்தப் பிள்ளை அழுதால் அன்று சாயந்திரம் கூட இருக்கப்போவது யார் என்பதற்கு ஒரு பெயர், ஒரு ஆள் வேண்டும்.

மூன்றரை வருடம் கழித்து, தண்டையார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் அந்த எறாப் பெண்ணைப் பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான் வந்து கையைப் பிடித்தாள். "அக்கா, அன்னிக்கு எங்க வூட்டாண்ட வந்து எழுதிக்கினு போனீங்களே, இன்னா ஆச்சு? ரிசல்ட் வந்தா சொல்றேன்னீங்களே" என்றாள். சொன்னேன்தான். கிளம்பும்போது வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனேன். ரிப்போர்ட் எங்கோ போய்விட்டது, ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது, எங்களுக்கே ஒரு காப்பி கிடைக்கவில்லை. அவள் அத்தனை வருடமும் அதை ஞாபகத்தில் வைத்திருந்தாள். என் வாழ்க்கையைப் பற்றி ஒருவர் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார், அதிலிருந்து ஏதோ தெரியவரும் என்று காத்திருந்திருக்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? "வரலம்மா" என்றேன். "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு ஒரு கல்லூரியிலிருந்து நான்கு மாணவர்கள் வருகிறார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுக்கு என் டியூஷன் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு விஷயம் சொன்னேன். கேள்வித்தாளை முதலில் என் பத்தாவது பிள்ளைகள் படித்துப் பார்ப்பார்கள், நீக்கச் சொன்னதை நீக்க வேண்டும். முடிவுகள் வந்ததும் இதே மொட்டை மாடியில், இதே பிள்ளைகளிடம், தமிழில் வந்து சொல்ல வேண்டும். அதற்கு இப்போதே ஒரு தேதி வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஏப்ரல் மூன்றாவது ஞாயிறு என்றார்கள். சாக்பீஸால் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.