கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்குவதா தெரபி?

முப்பது, நாற்பது வயதில் தனக்கு ஆட்டிசம் அல்லது ஏடிஹெச்டி இருப்பது தெரியவந்த பெண்கள் சிலர் என் பழக்கத்தில் இருக்கிறார்கள். நானும் ஒருத்தி. ஆட்டிசம் என்றால் பிறரோடு பழகுவதும் ஒலி, ஒளியை உணர்வதும் பிறவியிலேயே வேறு மாதிரி இருப்பது; ஏடிஹெச்டி என்றால் கவனம் நிலைக்காமல், மறதியும் அவசரமுமாக இருப்பது. எங்கள் எல்லாருடைய பழைய ஃபைலிலும் வேறு ஏதோ எழுதியிருக்கிறது. பதற்றம், மனச்சோர்வு, ஒருத்திக்கு பார்டர்லைன் பர்சனாலிட்டி, அதாவது உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் ஆடும் ஆளுமைக் கோளாறு. மாத்திரை சாப்பிட்டோம், கவுன்சிலிங் போனோம். கொஞ்ச நாள் தெளியும், மறுபடி படுத்துவிடுவோம்.

ஏன் முதலிலேயே கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: 1943-ல் அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் என்று விவரித்த 11 குழந்தைகளில் பெண்கள் மூன்றே பேர். அடுத்த வருடம் ஆஸ்திரிய மருத்துவர் ஆஸ்பெர்கர் விரிவாக எழுதிய நான்கு பேரும் பையன்கள். இத்தனைக்கும் மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் 1927-லேயே பெண் குழந்தைகளைப் பற்றித் தனியாக எழுதியிருந்தார். ஆங்கில உலகம் அவரைத் திரும்பிப் பார்க்கவே பல பத்தாண்டுகள் ஆனது. போதாக்குறைக்கு, ஒரே ஆளுக்கு ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் சேர்த்துச் சொல்லக்கூடாது என்று மனநல மருத்துவர்கள் பின்பற்றும் அமெரிக்கக் கையேட்டில் (டிஎஸ்எம்) 2013 வரை விதி இருந்தது. இரண்டும் இருப்பவள் எந்தக் கட்டத்தில் உட்காருவாள்?

அப்புறம் நம் வீடுகள். ஒரு மூலையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் பெண்பிள்ளையை டாக்டரிடம் யார் கூட்டிப்போவார்கள்? "இருக்கிற இடம் தெரியாது, தங்கமான பொண்ணு" என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோகிறவளுக்கு "பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ மறதி ஆகாதுடி" என்று தினமும் அர்ச்சனை. பத்து வயதுக்குள் இருவருமே மற்ற பெண்களை உற்றுப் பார்த்து எப்போது சிரிப்பது, எவ்வளவு பேசுவது என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். மாஸ்கிங் என்பது இதுதான். ராத்திரி கதவைச் சாத்தியதும் வரும் அசதியை யாரும் பார்ப்பதில்லை.

தெரபியில் என் கோபமெல்லாம் இங்கேதான். நான் முதலில் போன இடத்தில், கண்ணைப் பார்த்துப் பேசியதற்காகப் பாராட்டினார்கள். நான் நடிக்க நடிக்க ஃபைலில் "முன்னேற்றம்" ஏறியது. எண்ணங்களை எழுதும் தாள் ஒன்று கொடுத்தார்கள். "என்னை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை" என்று எழுதினேன். அதற்கு ஆதாரம் இருக்கிறதா, கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்களோ என்று கேட்டார்கள். ஆதாரம் இருக்கிறதே! பள்ளி, ஹாஸ்டல், அலுவலகம் என்று வரிசையாகச் சொல்ல முடியும். நடந்ததைச் சொல்கிறவளிடம் உன் சிந்தனை கோணல் என்றால், அவள் அடுத்த முறை வாயைத் திறப்பாளா? சொந்தக்காரர் விசேஷத்தில் கடைசி ஆள் கிளம்பும்வரை ஹாலில் உட்கார்ந்திருப்பது எனக்கு வைத்த இலக்குகளில் ஒன்று. அந்த இலக்கு யாருக்கு வேண்டியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது போகும் தெரபிஸ்ட் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுவிட்டார். ட்யூப்லைட் கிடையாது. என்ன பேசப்போகிறோம் என்பது முந்தின நாளே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். "என்ன ஃபீல் பண்றீங்க?" என்று கேட்டால் எனக்குத் தலையும் புரியாது காலும் புரியாது. ஆட்டிசம் உள்ள பலருக்கு உணர்ச்சியைப் பேர் சொல்லி அடையாளம் காண்பதே சிரமம். அதனால் சொற்களை எழுதி நீட்டுகிறார், நான் தொட்டுக் காட்டுகிறேன். இது ஏதோ இன்ஸ்டா ஃபேஷன் இல்லை. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2012-லேயே ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான வழிகாட்டுதலில் எழுதியதுதான்: நேரடியாகப் பேசுங்கள், உவமைகளைத் தவிருங்கள், எழுதிக் காட்டுங்கள், நடுவில் இடைவேளை விடுங்கள், அவர்களுக்குப் பிடித்த விஷயத்தை உள்ளே கொண்டுவாருங்கள்.

"அப்போ நீ செய்றது எல்லாத்துக்கும் தலையாட்டுவாங்களா?" என்று என் அக்கா கேட்டாள். இல்லை. அவள் பேசும்போது நான் குறுக்கே புகுவது அவளை எவ்வளவு காயப்படுத்துகிறது என்று தெரபிஸ்ட் முகத்துக்கு நேரே சொன்னார். ஆனால் வெட்கப்பட வைத்துத் திருத்தப் பார்க்கவில்லை. அக்கா கையைத் தூக்கினால் நான் நிறுத்த வேண்டும் என்று ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். ஏடிஹெச்டிக்கு மாத்திரையும் சாப்பிடுகிறேன், மாத்திரைக்கும் தெரபிக்கும் சண்டையே இல்லை. "உங்களுக்கு இருப்பது சூப்பர் பவர்" என்று சொல்பவர்களைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல்தான். கரண்ட் பில் கட்ட மறப்பதில் என்ன பவர்?

டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்கள் புரியாததுபோல மற்றவர்களுக்கும் அவர் புரிவதில்லை. அப்படியென்றால் கணவன் மனைவிக்குள் புரியாமல் போகும்போது தெரபியில் மனைவிக்கு மட்டும் ஏன் ஹோம்வொர்க்? கணவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து அவருக்கும் நாலு வேலை கொடுக்க வேண்டாமா?

காசு ஒரு பெரிய தடை, மறுக்கவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஹெச்டி இல்லை. கையிலிருந்துதான் போடவேண்டியிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், அப்பாயின்ட்மென்ட் வாங்குமுன் ஃபோனிலேயே கேட்டுவிடுங்கள். பெரியவர்களான ஆட்டிசம், ஏடிஹெச்டி பெண்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? லைட்டைக் குறைக்க முடியுமா? வாயில் வராததை எழுதித் தரலாமா? "அதெல்லாம் நாமதான்மா பழகிக்கணும்" என்று பதில் வந்தால், நன்றி சொல்லி ஃபோனை வைத்துவிட்டு அடுத்த நம்பரைப் போடுங்கள்.