சங்கத்தின் சண்டையும் கூட்ட அறிக்கையில் ஏறட்டும்

நூலகர்களின் சங்கத்தில் அப்படி என்ன அரசியல் இருந்துவிடப் போகிறது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எந்த மொழியில் கூட்டம் நடப்பது, யாருக்கு வாக்குரிமை, யாருடைய சான்றிதழ் செல்லும், எந்த விடயத்தில் சங்கம் வாய் திறப்பது என்று இத்தனை கேள்விகள் இருக்கும் இடத்தில் அரசியல் இல்லாமல் எப்படி? இருக்கத்தான் வேண்டும். அது சபைக்கு வராமல் தொலைபேசியிலேயே முடிந்துவிடுகிறதே, அதுதான் என் கோபம்.

கொழும்பில் நான் அங்கத்தவராக இருக்கும் ஒரு துறைச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைச் சொல்கிறேன். மன்னாரிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் இரவு பஸ் பிடித்து, விடிய வந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். பதவிகளுக்கு ஒருவர் பெயரை முன்மொழிகிறார், இன்னொருவர் வழிமொழிகிறார், வேறு பெயர் இல்லை, கைதட்டல். யாருக்கு எந்தப் பதவி என்பது ஒரு வாரத்துக்கு முன்பே தீர்ந்த கதை. உறுப்பினர்கள் வாய் திறக்கக்கூடிய ஒரே இடம் 'வேறு விடயங்கள்'. அது நிகழ்ச்சி நிரலின் கடைசி. அதற்குள் சாப்பாட்டுப் பார்சல் வந்து பின்வரிசையில் அடுக்கப்பட்டுவிடும். பார்சலைப் பார்த்தபடி ஒரு சபை எவ்வளவு நேரம் வாதாடும்?

இருந்தும் அன்று ஒரு பிரதேச சபை நூலகர் எழுந்து நின்றார். அறிவித்தல்களும் பாடக்குறிப்புகளும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும் அதே நாளில் தமிழிலும் வர வேண்டும் என்றார். அந்தத் துணிவில் இன்னொருவர், புத்தகங்களோடு நாள் முழுக்க மாரடிக்கும் நூலக உதவியாளர்களுக்கு ஏன் வாக்குரிமை இல்லை என்று கேட்டார். பல்கலைக்கழகத் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது. தொழில்தகைமை நீர்த்துப்போகும் என்றார்கள். சிங்கள உறுப்பினர்களில் சிலர் எங்களுக்காகப் பேசினார்கள், தமிழர்களில் சிலர் பேசாமல் தரையைப் பார்த்தார்கள். மூத்தவர் ஒருவர் எழுந்து, "தங்கச்சி, நூலகத்துக்குள் அரசியலைக் கொண்டுவர வேண்டாம்" என்றார். அத்துடன் முடிந்தது.

பிறகு, அன்று நடந்ததைப் பதிந்த கூட்ட அறிக்கை கைக்கு வந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் நடந்த அந்த வாதத்துக்கு அதில் ஒரேயொரு வரி: "உறுப்பினர்களிடையே கருத்துப் பரிமாற்றம் இடம்பெற்றது." யார் கேட்டார், என்ன கேட்டார், யார் மறுத்தார், எந்தக் காரணத்துக்காக மறுத்தார் என்பதெல்லாம் போய்விட்டது. இதை எழுதியவரும் நூலகர், சரியென்று ஏற்றுக் கையொப்பமிட்டவரும் நூலகர். ஒரு சிறு துண்டுப் பிரசுரம் வந்தாலும் பதிவேட்டில் இலக்கமிட்டு, பதிப்பும் ஆண்டும் பார்த்து எழுதிவைக்கும் கைகள் இவை. அச்சில் வருவதெல்லாம் பதியப்பட வேண்டும் என்று 1885 ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் போட்ட நாடு இது. அந்த மரபில் வந்தவர்கள் தங்கள் கருத்து வேறுபாட்டைத் தாங்களே அழித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்க நூலகச் சங்கம் 1876 இல் பிலடெல்பியாவில் தொடங்கப்பட்டது. உலகம் முழுக்க நூலகர்கள் அண்ணாந்து பார்க்கும் அமைப்பு. 1936 இல் அது ரிச்மண்ட் நகரில் நடத்திய மாநாட்டில் கறுப்பின நூலகர்களுக்குத் தனி இருக்கை. மற்றவர்களோடு அமர்ந்து சாப்பிடவும் அனுமதி இல்லை. தென்மாநிலச் சங்கங்கள் சில அவர்களை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. 1964 இல் சென் லூயிஸ் மாநாட்டில் ஈ. ஜே. ஜோசி என்ற கறுப்பின நூலகர் எழுந்து, அப்படிப்பட்ட மாநிலச் சங்கங்களின் கூட்டங்களுக்கு அமெரிக்க நூலகச் சங்கத்தின் பதவியினர் உத்தியோகபூர்வமாகப் போகக் கூடாது என்று பிரேரணை கொண்டுவந்தார். அது நிறைவேறியது. அடுத்த ஆண்டே ஜோர்ஜியா மாநிலச் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1984 இல் அதே அமெரிக்க நூலகச் சங்கத்துக்கு அவரே தலைவரானார். அன்றைய பிரேரணையை 'வேறு விடயங்கள்' என்று ஒதுக்கி, ஒரு வரியில் மூடியிருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

நூலகம் எல்லோருக்கும் பொது, ஆகவே சங்கம் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பது நல்ல வாதம்தான். வாசகர் எந்தக் கட்சி, எந்த மதம் என்று பாராமல் புத்தகம் எடுத்துக் கொடுப்பதில் நடுநிலை வேண்டும். ஆனால் எங்கள் ஊர்களில் பொது நூலகங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் கையில் இருக்கின்றன. புத்தகத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதைச் சபை தீர்மானிக்கிறது. ஆட்சி மாறினால் நூலகரை வேறு பிரிவுக்குத் தூக்கிப் போடலாம். மன்றத்தின் தலைவரான தவிசாளரோடு முரண்பட்டுத் தனியாக நிற்கும் ஒரு நூலகருக்குச் சங்கத்தை விட்டால் வேறு யார்? அங்கே சங்கம் காக்கும் மௌனம் தவிசாளருக்குத்தான் துணை போகிறது. 1981 இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட நாட்டில், நூலகத்துக்கும் அரசியலுக்கும் தொடர்பில்லை என்று எந்த நூலகரும் எந்த மேடையிலும் சொல்லக் கூடாது.

மூத்தவர்களின் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. யுத்த காலத்தில் எத்தனையோ அமைப்புகள் இன அடிப்படையில் பிளந்தபோது, எல்லோரையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்துக் காத்தவர்கள் அவர்கள். அதற்கு நன்றி உண்டு. ஆனால் தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. அது சங்கத்தைக் கட்டுப்படுத்துமா என்று சட்டத்தரணியிடம் போக நான் விரும்பவில்லை. சந்தா எல்லோரிடமும் ஒரே தொகைதான் வாங்குகிறீர்கள். அந்த ஒரு நியாயம் எனக்குப் போதும்.

பெரிய புரட்சி எதையும் கேட்கவில்லை. பிரேரணைகள் தேர்தலுக்கு முன்னால் எடுக்கப்படட்டும். முன்மொழிந்தவர், மறுத்தவர் பெயர்களும் காரணங்களும் எழுதப்படட்டும். வாக்கெடுத்து எண்ணட்டும். தோற்றால் தோற்றது என்று பதியட்டும், அடுத்த ஆண்டு மறுபடியும் கேட்போம். நூலக உதவியாளர்களின் வாக்குரிமையில் எனக்கு எதிரான கருத்துள்ளவர்கள் அதை எழுத்தில் தரட்டும், நானும் எழுத்தில் பதில் சொல்கிறேன்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கான அறிவித்தல் வந்ததும் யாப்பில் சொன்ன காலத்துக்குள் இந்தப் பிரேரணையை அனுப்பப் போகிறேன். மூன்று மொழிகளிலும் வரைவு தயார். அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து வழிமொழிய முன்வருபவர்கள் எனக்கு உட்பெட்டியில் எழுதுங்கள். சந்தா நிலுவையில் இருந்தால் முதலில் அதைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதையே காரணம் காட்டி உங்கள் கையொப்பத்தைத் தள்ளிவிடுவார்கள்.