சத்தம் குறையும் இடம்

சின்ன வயதில் எங்கள் வீட்டு டிவி ரிமோட் அப்பாவிடம்தான் இருக்கும். திரையில் இருவர் கொஞ்சம் நெருங்கி நின்றாலே அவருக்கு இருமல் வந்துவிடும். அம்மாவுக்கு உள்ளே ஏதோ வேலை ஞாபகம் வரும். சேனல் மாறி, செய்தி ஓடும். ஆனால் கணவன் மனைவியைப் பளாரென்று அறையும் காட்சிக்கு அந்த ரிமோட் ஒருநாளும் அசைந்ததில்லை. கத்திக்குத்து, விஷம், கடத்தல் எல்லாவற்றையும் குடும்பமாக உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்திருக்கிறோம்.

துணிச்சலான தொலைக்காட்சி நாடகம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு அந்த இருமல்தான் முதலில் ஞாபகம் வரும். சினிமாவுக்கு நாம் போகிறோம், இருட்டில் பக்கத்து இருக்கையில் யாரென்றே தெரியாது. டிவி நாம் இருக்கும் இடத்துக்கே வந்துவிடுகிறது. பேசக்கூடாதது என்று நாம் ஒதுக்கிவைத்த விஷயங்கள் யாருக்கும் தெரியாதவை அல்ல. எல்லாருக்கும் தெரியும், ஆனால் இன்னார் முன்னால் இன்னார் பேசமாட்டார். அந்த ஏற்பாட்டைத்தான் நாடகம் கலைக்கிறது.

1952ல் அமெரிக்காவின் ‘ஐ லவ் லூசி’ தொடரில் நாயகி கர்ப்பமானாள். நடித்தவரும் நிஜத்தில் கர்ப்பிணி, திரையில் கணவனாக வந்தவரே நிஜத்திலும் கணவர். அப்படியிருந்தும் ‘கர்ப்பம்’ என்ற சொல்லை உச்சரிக்கவே கூடாது என்றாகிவிட்டது. எபிசோடின் தலைப்பில் அதே பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லைப் போட்டுச் சமாளித்தார்கள். ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்ட் போதகர், ஒரு யூத ரபி, மூவரும் வசனத்தைப் படித்துப் பார்த்தார்கள். இத்தனைக்கும் பிறகு, 1953 ஜனவரி 19 அன்று குழந்தை பிறக்கும் எபிசோடைச் சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுநாள் நடந்த அதிபர் ஐசனோவரின் பதவியேற்பைப் பார்த்தவர்களைவிட இது அதிகம். மக்கள் தாங்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டது யாரோ!

இருபது வருடம் கழித்து அதே அமெரிக்காவில் ‘மாட்’ என்ற தொடர் வந்தது. 1972 நவம்பரில் இரண்டு எபிசோடுகள். 47 வயது மாட், பேரன் எடுத்தவள், எதிர்பாராமல் கர்ப்பமாகிறாள். யோசித்து, கணவனிடம் பேசி, கருவைக் கலைக்க முடிவெடுக்கிறாள். அவள் வாழும் நியூயார்க் மாகாணத்தில் அது 1970லேயே சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மறுஒளிபரப்பு செய்தபோது டஜன்கணக்கான நிலையங்கள் மறுத்துவிட்டன, விளம்பரதாரர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். வழிதவறிய இளம்பெண் ஒருத்தி கருக்கலைப்புக்குப் போய், கடைசியில் செத்துப்போவதாகக் கதை இருந்திருந்தால் இவ்வளவு எதிர்ப்பு வந்திருக்குமா? வந்திருக்காது என்றே நினைக்கிறேன். தப்பு செய்தாள், அனுபவித்தாள் என்று உச்சுக்கொட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். மாட் மரியாதையான வீட்டுப் பெண். முடிவெடுத்த பிறகும் நன்றாகவே இருக்கிறாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிரிட்டனின் ‘ப்ரூக்சைடு’ தொடர் இன்னும் வேடிக்கை. மனைவியை அடித்து, மகளைப் பாலியல் கொடுமை செய்த ஒரு தகப்பன். 1993ல் மனைவியும் மகளும் சேர்ந்து அவனைக் கொன்று வீட்டு முற்றத்தில் புதைக்கிறார்கள். அந்த மகள் 1994 ஜனவரியில் இன்னொரு பெண்ணை முத்தமிடுகிறாள். ஒரே குடும்பத்தின் கதையில் அடி, உதை, பலாத்காரம், கொலை, புதைகுழி எல்லாம் உண்டு. பத்திரிகைகளைப் பதறவைத்தது என்னவோ அந்த முத்தம். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவின் காட்சித் தொகுப்பில் அதே முத்தம் ஓடியது. விழாவோடு விழாவாக உலகமே பார்த்தது, சரி, ஒன்றும் இடிந்துவிழவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எழுத்தாளர்கள் பக்கம் நியாயம் என்பதுபோல இருக்கிறது. விஷயம் அவ்வளவு சுலபமில்லை. 1971 ஜனவரி 12 அன்று தொடங்கிய அமெரிக்கத் தொடர் ‘ஆல் இன் தி ஃபேமிலி’யை எடுத்துக்கொள்வோம். ஆர்ச்சி பங்கர் என்ற வெள்ளைக்காரத் தொழிலாளி. கறுப்பர், யூதர், பெண்கள் என்று வாய்க்கு வந்தபடி எல்லாரையும் திட்டுவார். இந்த வெறுப்பு எவ்வளவு அபத்தம் என்று சிரிக்கவைத்துக் காட்டத்தான் இந்தத் தொடர் என்று முதல் எபிசோடுக்கு முன்பே அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பு போட்டது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம். ஆனால் 1974ல் நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்ற இரண்டு உளவியலாளர்கள் பார்வையாளர்களை ஆராய்ந்தபோது வேறொன்று தெரிந்தது. இனவெறுப்பு குறைவாக உள்ளவர்கள் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். அதிகம் உள்ளவர்களோ ஆர்ச்சி சொல்வதுதான் சரி என்று ரசித்தார்கள். மனதில் இருப்பதைப் பயப்படாமல் பேசும் மனிதர் ஒருவர் டிவியில் கிடைத்துவிட்டார் அவர்களுக்கு.

இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டது. கண்ணாடி காட்டினால் போதும், திருந்திவிடுவார்கள் என்று நாம் பேசுகிறோம். கண்ணாடி முன் நின்று தலைசீவிக்கொள்கிறவர்களும் உண்டே. அதற்காக அந்தத் தொடர் வந்திருக்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். வில்லனைத் தெளிவாக வரைந்துவிட்டாலே வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தப்பு. வில்லன் எவ்வளவு தெளிவாக இருக்கிறானோ, ‘நான் அவனில்லை’ என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவதும் அவ்வளவு எளிது.

நான் நம்புவது, ‘நான் நல்லவன்’ என்று சாய்ந்து உட்காருகிறவனையே பிடித்து உலுக்கும் நாடகத்தை. ஹிட்லர் ஆட்சியில் யூதர்கள் கொன்றொழிக்கப்பட்டதைச் சொல்லும் ‘ஹோலோகாஸ்ட்’ என்ற நான்கு பாகத் தொடர் 1979 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பானது. கலை என்று பார்த்தால் சுமார்தான். வதை முகாமிலிருந்து மீண்ட எழுத்தாளர் எலீ வீசலே அது மலிவானது, பொய்யானது என்று கடுமையாக எழுதினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் ஏறத்தாழ 2 கோடி ஜெர்மானியர்கள் அதைப் பார்த்தார்கள். ஒவ்வொரு பாகமும் முடிந்த பிறகு நிலையத்தில் வரலாற்றாசிரியர்கள் உட்கார்ந்து பதில் சொல்ல, ஆயிரக்கணக்கான தொலைபேசி அழைப்புகள் வந்தன. கொலைக் குற்றத்துக்கு வழக்குத் தொடரும் காலவரம்பை நீக்குவதா என்ற விவாதம் ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. அந்த ஜூலையில் நாடாளுமன்றம் அதை நீக்கியது.

முப்பது வருடமாக ஆவணப்படங்களும் பாடநூல்களும் இருந்தும் நடக்காதது, ஒரு சுமாரான சீரியலால் எப்படி நடந்தது? அதில் எரிக் டார்ஃப் என்று ஒருவன். வேலை கிடைக்காத வக்கீல், மனைவி குழந்தைகள் மேல் பாசமுள்ளவன். சம்பளத்துக்காக ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் சேர்ந்து, படிப்படியாகக் கொலைகளுக்குத் திட்டம் போடும் அதிகாரியாகிறான். அவனைக் கொம்பு முளைத்த அசுரனாகக் காட்டவில்லை. பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் அப்பா என்றோ தாத்தா என்றோ அழைக்கப்பட்ட ஒருவரை அவன் நினைவுபடுத்தியிருக்க வேண்டும்.

அப்புறம், இப்போதைய ஓடிடி துணிச்சல். கெட்ட வார்த்தைக்கும் படுக்கையறைக்கும் தடையில்லை என்பதையே பெரிய புரட்சியாகச் சொல்கிறார்கள். ‘13 ரீசன்ஸ் வொய்’ தொடரில் ஒரு பள்ளி மாணவியின் தற்கொலையை நிமிடக்கணக்கில் விலாவாரியாகக் காட்டினார்கள். பேசாப் பொருளைப் பேசுகிறோம் என்ற வாதம் வேறு. இரண்டு வருடம் கழித்து, 2019ல் நெட்ஃபிளிக்ஸே அந்தக் காட்சியை வெட்டிவிட்டது. கதையில் எந்தக் குறையும் வந்ததாகத் தெரியவில்லை.

2025 மார்ச்சில் வந்த ‘அடோலசன்ஸ்’ தொடரில் கொலையைக் கண்ணில் குத்துவதுபோல் காட்டுவதில்லை. 13 வயதுப் பையன் கூடப் படிக்கும் பெண்ணைக் கொன்றிருக்கிறான். நான்கு எபிசோடுகள், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். குடிகார அப்பாவோ கொடுமைக்கார அம்மாவோ இல்லை. கடைசி எபிசோடில் பெற்றோர் படுக்கையறையில் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள். பையன் வெளியே எங்கும் சுற்றாமல் அறைக்குள்தானே இருந்தான், பத்திரமாக இருக்கிறான் என்றுதானே நினைத்தோம் என்று.

அதை நானும் மனைவியும் இரவு பதினொரு மணிக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். மகன் அவன் அறையில் இருந்தான், கதவு சாத்தியிருந்தது. அந்தப் பேச்சு நடுவில் மனைவி என் பக்கம் திரும்பி, “ஏன் சவுண்டைக் குறைச்சீங்க?” என்று கேட்டாள். ரிமோட் என் கையில் இருந்தது. குறைத்தது எனக்கே தெரியவில்லை.