குழிக்குள் வைத்தது யார்?

முகநூலில் ஒரு எலும்புக்கூட்டுப் படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஹங்கேரிய வீராங்கனை!" என்று தலைப்பு. எனக்கும் அனுப்பி, "பார்த்தீங்களா?" என்று கேட்டார்கள். பார்த்தேன். அதனால்தான் இந்தப் பதிவு.

ஹங்கேரியின் கிழக்குச் சமவெளியில் ஷாரேத்துத்வரி என்ற ஊரை ஒட்டி 10ஆம் நூற்றாண்டு இடுகாடு ஒன்று இருக்கிறது. 1980களில் தோண்டியபோது 260க்கு மேல் குழிகள் வந்தன. அதில் 63ஆம் குழிதான் இப்போது பிரபலம். வெள்ளியில் ஒரு கூந்தல் வளையம், மணி போன்ற பொத்தான்கள், பாசிமணிச் சரம். இதெல்லாம் பெண்கள் குழியில் வழக்கமாகக் கிடைப்பவை. கூடவே ஒரு அம்புமுனை, அம்பறாத்தூணியின் இரும்புத் துண்டுகள், வில்லில் பொருத்தும் கொம்புத் தகடு. இவை ஆண்கள் குழியில் கிடைப்பவை. மரபணுச் சோதனை செய்து பெண்தான் என்று உறுதிசெய்து 2024ல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பகுதியில், அந்தக் காலத்தில், ஆயுதத்தோடு புதைக்கப்பட்டதாக உறுதியான முதல் பெண் இவர்தான்.

எலும்பில் முறிவுகள் இருந்தன. எலும்பு மெலிவு நோயும் இருந்தது. இவர் போருக்குப் போனார் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது என்று ஆய்வாளர்களே அந்தக் கட்டுரையில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அதை யார் படிக்கிறார்கள்? தலைப்பு ஓடிவிட்டது.

குழியில் கிடப்பதை இறந்தவரின் ஆதார் அட்டை மாதிரி படிக்கிறோம். வாள் இருந்தால் வீரன், வெள்ளி இருந்தால் தலைவன், ஒன்றும் இல்லாவிட்டால் அடிமை. ஆனால் செத்தவரா எடுத்து வைத்துக்கொண்டார்? வைத்தது வீட்டார். எதை வைக்கலாம், எதை எடுத்துக்கொள்ளலாம் என்று கூடிப் பேசி முடிவுசெய்தவர்கள் உயிரோடு இருந்தவர்கள்.

குதிரையை எடுத்துக்கொள்வோம். 895ஐ ஒட்டி மாகியர்கள், அதாவது இன்றைய ஹங்கேரியர்களின் முன்னோர், கார்பாத்திய மலைகளைத் தாண்டி அந்தச் சமவெளிக்குள் வந்தார்கள். குதிரைமேலேயே வாழ்ந்த கூட்டம். அவர்களுக்கு முன்னால் அங்கே இருந்த அவார்கள் முழுக் குதிரையையே குழிக்குள் இறக்கினார்கள். மாகியர் குழியிலோ தலையோடும் நான்கு கால்களின் கீழ்ப்பகுதி எலும்புகளும் மட்டும்தான் இருக்கும். விலா எலும்பு இல்லை, முதுகெலும்பு இல்லை. குதிரையை அடித்து, தலையும் கால் நுனிகளும் தோலோடு ஒட்டியிருக்கும்படி உரித்து, அந்தத் தோலை மடித்து இறந்தவரின் காலடியிலோ இடப்பக்கத்திலோ வைத்திருக்கிறார்கள். கறி எங்கே போயிற்று? சாவு விருந்தில் தின்றுவிட்டார்கள் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்வது. சில குழிகளில் குதிரை எலும்பே கிடையாது, அங்கவடியும் கடிவாளமும் மட்டும் கிடக்கும். அவருக்குக் குதிரை இல்லை என்று எழுதுவீர்களா? அல்லது நல்ல குதிரையை மண்ணில் போடுவானேன், மகன் ஓட்டட்டும் என்று நினைத்தார்களா? எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது.

இந்த ஆதார் அட்டைப் பார்வைக்குப் பெரிய பெயர்களே பலியாகியிருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோஜெஃப் ஹம்பெல் என்ற ஹங்கேரியத் தொல்லியலாளர் இந்தக் குழிகளை இரண்டாகப் பிரித்தார். குதிரை, வளைவாள், வெள்ளிப் பட்டைகள் இருந்தால் மாகியர். நுனி எஸ் மாதிரி வளைந்த கூந்தல் வளையமும் சாதாரண மணிகளும் மட்டும் இருந்தால் ஸ்லாவியர். அதாவது வெற்றி பெற்றவன் பணக்காரன், ஏழை என்றால் வேற்று இனம். அப்படியானால் ஏழை மாகியர்கள் எங்கே போய்ப் புதைந்தார்கள்? படையெடுத்து வந்த கூட்டத்தில் எல்லோருமா வெள்ளி பூட்டிக்கொண்டு வந்தார்கள்? 1962ல் பேலா சோக்கே என்ற இன்னொரு தொல்லியலாளர் இதை மாற்றி எழுதினார். இரண்டாம் வகை இடுகாடுகளில் பெரும்பகுதி மாகியர்களின் சாதாரண மக்களுடையதுதான் என்றார்.

கதை அதோடு முடியவில்லை. 2022ல் வந்த மரபணு ஆய்வு, சாதாரண மக்களின் இடுகாடுகளில் பெரும்பாலோர் உள்ளூர் ஐரோப்பிய வழியினர் என்றது. ஹம்பெல் பாதி ஜெயித்துவிட்டார் போலிருக்கிறதே என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரத்தம் எங்கிருந்து வந்தது என்பது வேறு, அந்த ஆள் தன்னை யாராக நினைத்து வாழ்ந்தார் என்பது வேறு. கூந்தல் வளையத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் சொல்லிவிட முடியாது.

எனக்கு ரொம்பப் பிடித்த பொருள் ஒன்று உண்டு. 1896ல் டிசாபெஸ்தேத் என்ற ஊரில் ஆந்த்ராஷ் யோஷா என்ற தொல்லியலாளர் தோண்டியெடுத்த பைத்தகடு. இடுப்பில் தொங்கும் தோல்பையின் மூடிமேல் பதித்தது. சிக்கிமுக்கிக்கல்லும் நெருப்பு உண்டாக்கும் இரும்பும் போட்டுக்கொள்கிற பைதான், ஆனால் மூடி மட்டும் அப்படியொரு வேலைப்பாடு. பொன்முலாம் பூசிய செம்பு, தகடு முழுக்கக் கொடியும் இலையும். நடுவில் ஒரு சிலுவை. சிலுவைக்கு இரண்டு பக்கமும் கற்பனை மிருகங்கள். ஒன்று பாரசீகக் கலையில் வரும் சிறகு முளைத்த நாய் மாதிரி இருக்கும். இதை இடுப்பில் கட்டியவர் கிறிஸ்தவரா? சிலுவையைக் காட்டி ஆமாம் என்பார்கள் சிலர், மிருகத்தைக் காட்டி இல்லை என்பார்கள் சிலர். தட்டான் எங்கேயோ பார்த்ததைச் செதுக்கியிருக்கலாம், வாங்கியவர் பளபளப்பைப் பார்த்து வாங்கியிருக்கலாம். இதை ஏன் யாரும் முதலில் யோசிப்பதில்லை?

காசும் அப்படித்தான். 1834ல் பெனெபுஸ்தாவில் கிடைத்த குழியில் இத்தாலிய மன்னன் பெரெங்காரின் வெள்ளிக் காசுகள் இருந்தன. மாகியர்கள் இத்தாலிக்குள் புகுந்து கொள்ளையடித்த காலத்துக் காசு. காலக்கணிப்புக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, காசு அடித்த வருஷத்துக்கு முன்னால் குழி வெட்டியிருக்க முடியாது. ஆனால் இந்தக் குழிகளில் பல காசுகளில் ஓட்டை இருக்கும். துணியிலோ குதிரைச் சேணத்திலோ தைத்துக்கொண்டார்கள். மன்னன் முகம் அவர்களுக்கு வெறும் ஜிகினா.

அப்புறம் இஸ்த்வான் மன்னர் 1000ஐ ஒட்டி முடிசூடி நாடு கிறிஸ்தவமானது. குதிரையும் வாளும் குழியிலிருந்து மறைந்தன. உடனே "மதம் மாறியதும் பழைய வழக்கம் ஒழிந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு சுலபமாக ஒழிந்திருந்தால், 1092ல் லாஸ்லோ மன்னர் சபோல்ச் என்ற ஊரில் திருச்சபைக் கூட்டத்தைக் கூட்டி, பிணத்தைத் தேவாலயத்தில் புதைக்காதவனைத் தொழுமரத்தில் மாட்டி 12 நாள் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுங்கள் என்று சட்டம் போட்டிருப்பாரா? கிணற்றடியிலும் மரத்தடியிலும் பலி கொடுத்தால் ஒரு மாடு அபராதம் என்று இன்னொரு சட்டம். ஞானஸ்நானம் பெற்று இரண்டு தலைமுறைக்கு மேல் ஆன ஜனம் இது!

ஹலிம்பா மாதிரி 900க்கு மேற்பட்ட குழிகள் உள்ள இடுகாடுகளில், 10ஆம் நூற்றாண்டில் புதைக்க ஆரம்பித்தவர்கள் மன்னர் மாறி மதம் மாறிய பிறகும் அதே நிலத்தில் புதைத்துக்கொண்டே இருந்தார்கள். 11ஆம் நூற்றாண்டு இடுகாடுகள் பலவற்றில் இறந்தவரின் வாயிலோ கையிலோ ஒரு சின்ன வெள்ளிக்காசு கிடைக்கிறது. அதை அச்சடித்தது, சிலுவை பொறித்த நாணயம் வெளியிட்ட அதே கிறிஸ்தவ மன்னர்கள். பாதிரியார் சொன்னபடி வேண்டுதல் நடந்திருக்கும், வீட்டார் பங்குக்குக் காசையும் வைத்திருப்பார்கள். இதில் முரண்பாடு இருப்பதாக அவர்கள் யாருக்கும் தோன்றியிருக்காது. நமக்குத்தான் ஒரு பெட்டிக்குள் அவர்களை அடைத்தாக வேண்டியிருக்கிறது.