மூன்று நாளில் வீட்டுக்கு வரலாம். அப்புறம்?

நேற்றிலிருந்து எல்லோரும் பகிரும், எடை குறைக்க இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் 'முன் - பின்' வீடியோவை நானும் பார்த்தேன். மூன்றே நாளில் வீடு, அப்புறம் பழைய வாழ்க்கைதான் என்று முடிகிறது. அதன் கீழே ஒரு கேள்வி கேட்டேன்: ஆயுசு முழுக்க சத்து மாத்திரை சாப்பிடணும்னு சொன்னீங்களா? "நெகட்டிவா பேசாதீங்க" என்றார்கள். ஒருவர் பொறாமை என்றார். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பழைய வாழ்க்கை கிடையாது. ஸ்லீவ் என்ற வகை ஆபரேஷனில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். வெட்டியது வெட்டியதுதான். பைபாஸ் என்ற இன்னொரு வகையில் இரைப்பையின் மேல்பகுதியைச் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையாகப் பிரித்து, நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படும் குடலின் முதல் பகுதியைத் தொடாமலே சாப்பாடு போய்விடுகிறது. ஆகவே மாத்திரை என்பது ஆறு மாதக் கணக்கு இல்லை.

என் அக்கா பைபாஸ் செய்துகொண்டவள். முதல் வாரங்களில் இருமல் மருந்து மூடியில் தண்ணீர் ஊற்றி வைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உறிஞ்சுவாள். ஒரு மூடி காலியாகக் கால் மணி நேரம் ஆகும். எடை இறங்கியது, சர்க்கரை மாத்திரை நின்றது, மூச்சு வாங்காமல் மாடி ஏறினாள். எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். நாலாவது மாதம் சீப்பு நிறைய முடி வந்தபோது குளியலறையில் உட்கார்ந்து அழுதாள். வேகமாக எடை குறையும்போது முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும் என்று யாராவது முன்பே ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

"நல்லாத்தானே இருக்கேன்" என்று பிறகு அவளாகவே மாத்திரைகளை விட்டுவிட்டாள். மூன்றாம் வருடம் ஒருநாள், வலது செருப்பு கழன்று வாசலிலேயே கிடக்க, அது தெரியாமல் கூடம்வரை நடந்து வந்தாள். பாதம் மரத்திருந்தது. நரம்புக்கு வேண்டிய பி12 சத்து அடிமட்டத்தில் இருந்தது. ஊசி போட்டோம், நடக்கிறாள். மரமரப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

"அப்போ ஆபரேஷனே வேண்டாம்னு சொல்றியா?" இல்லை. அக்காவின் உயிரைக் காப்பாற்றியது அந்த ஆபரேஷன்தான் என்று இன்றும் நம்புகிறேன். "படிவத்தில் எல்லாம் எழுதியிருக்குமே?" இருக்கும். முந்தின நாள் ராத்திரி பயத்தில் கையெழுத்துப் போடுகிறவர் எதைப் படிப்பார்? "நீ டாக்டரா?" இல்லை, தங்கை. தேதி குறித்திருப்பவர்களே, கேட்டுவிட்டுப் போங்கள். நெஞ்செரிச்சல் இருப்பவருக்கு ஸ்லீவ் செய்தால் அது கூடலாம், சொன்னார்களா? பைபாஸுக்குப் பிறகு சாதாரண வலி மாத்திரைகளில் சில அந்த இணைப்பில் புண்ணை உண்டாக்கும், எவை என்று எழுதித் தந்தார்களா? குழந்தை வேண்டுமென்றால் குறைந்தது ஒரு வருடமாவது தள்ளிப்போடச் சொல்வார்கள், அது தெரியுமா? வீட்டுக்கு வந்தபின் காய்ச்சலோ, இதயப் படபடப்போ, நிற்காத வாந்தியோ வந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். தொடர் வாந்தியில் பி1 சத்து தீர்ந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும்.

அந்த வீடியோவின் கீழேயே இன்னொருவர் "சோம்பேறிகளின் குறுக்குவழி" என்று எழுதியிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எடை குறையக் குறையப் பசியைக் கூட்டி, பழைய எடைக்கே இழுத்துப்போக உடம்பே போராடும். அக்கா எத்தனை வருடம் பட்டினி கிடந்தாள் என்று எனக்குத் தெரியும். கல்யாண வீடுகளில் தட்டை எட்டிப்பார்த்தவர்கள் இவர்கள்தான். இன்று அவள் நாலு வாயில் எழுந்தால் "என்ன, சாப்பிடவே மாட்டேங்கிறே" என்பவர்களும் இவர்கள்தான். எது குறுக்குவழி? அந்த மருந்து மூடியா?

வீடியோவில் சிரிக்கும் பெண்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அழகாக இருக்கிறாள், நன்றாக இருக்கட்டும். அவள் இன்றைக்கு மாத்திரை போட்டாளா, யாராவது கேட்டீர்களா?